செம்மண் வயலின் பூஞ்சைகள்: விருத்தாசலம் வட்டார உழவர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்



விதைப்பருப்பில் மருந்து கலப்பதில் தொடங்கி, பறித்த காயை உலர்த்திக் கிடங்கில் சேர்ப்பது வரை மணிலா (நிலக்கடலை) சாகுபடியில் எடுக்கப்படும் முடிவுகளில் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு பூஞ்சையை ஒடுக்குகின்றன அல்லது வளர்க்கின்றன. இலைப்புள்ளிக்கும் துருவுக்கும் மருந்து தெளிக்கும்போது இது உழவரின் கவனத்தில் நிற்கிறது. அடியுரமாக மணிச்சத்து மிகுந்த டிஏபி இடும்போதும், கோடையில் நிலத்தை வெறுமனே போட்டு வைக்கும்போதும், ஒரே விதையில் இரண்டு மருந்துகளை ஒருசேரக் கலக்கும்போதும் நழுவிவிடுகிறது. பயிருக்கு நோய் தரும் பூஞ்சைகள், பயிருக்கு உணவு கொண்டு வரும் பூஞ்சைகள், பிற பூஞ்சைகளைத் தின்று வாழும் பூஞ்சைகள் ஆகிய மூவகையும் ஒரே மண்ணில், ஒரே வேரைச் சுற்றி வாழ்கின்றன என்பதையும், ஒன்றின் மீது எடுக்கப்படும் நடவடிக்கை மற்ற இரண்டையும் தொடாமல் விடுவதில்லை என்பதையும் விளக்கி, வரும் பருவத்தில் ஒரு சிறு சோதனையை மேற்கொள்ளுமாறு கேட்டுக்கொள்வதே இம்மடலின் நோக்கம்.

நோய்ப் பூஞ்சைகளைப் பற்றி இவ்வட்டார உழவருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியது குறைவே. டிக்கா என வழங்கும் இலைப்புள்ளி உண்மையில் இரண்டு நோய்கள். முன்பருவ இலைப்புள்ளியில் இலையின் மேற்புறத்துப் பழுப்புப் புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம் தெளிவாகத் தெரியும், பின்பருவ இலைப்புள்ளியிலோ அவ்வளையம் மங்கியோ இல்லாமலோ இருக்க, இலையைத் திருப்பிப் பார்த்தால் புள்ளி கறுத்துச் சொரசொரப்பாகக் காணப்படும். அதே அடிப்புறத்தில், விரலால் தேய்த்தால் ஆரஞ்சு நிறத் தூள் ஒட்டும் சிறு கொப்புளங்கள் இருந்தால் அது துரு. துருப் பூஞ்சை உயிருள்ள மணிலா இலையில் மட்டுமே வளரக்கூடியது என்பதால், அறுவடையில் தப்பிய காய்களிலிருந்து தானாக முளைத்து நிற்கும் செடிகளே அது ஒரு பருவத்திலிருந்து மறு பருவத்துக்குக் கடந்து செல்லும் முதன்மையான வழி. அச்செடிகளைப் பிடுங்கி எறிவது ஒரு முறை மருந்து தெளிப்பதைவிடச் செலவு குறைந்த காப்பு.

மண்ணில் வாழும் நோய்ப் பூஞ்சைகள் வேறு விதமானவை. முளைத்த சில வாரங்களில் வாடும் செடியைப் பிடுங்கிப் பார்க்கையில், தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதி நைந்து கரிய தூள் படிந்திருந்தால் அது ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்னும் பூஞ்சையால் வரும் கழுத்தழுகல். செடி வளர்ந்து விழுது இறங்கும் காலத்தில், தரையை ஒட்டிய தண்டில் வெண்ணிழைகள் விசிறியாகப் படர்ந்து, அவற்றின் மேல் முதலில் வெள்ளையாகவும் பின்னர் பழுப்பாகவும் கடுகளவு உருண்டைகள் தோன்றினால் அது ஸ்கிளிரோசியம் ரால்ப்சி என்னும் பூஞ்சை உண்டாக்கும் தண்டழுகல். அவ்வுருண்டைகள் பூஞ்சையின் உறங்கும் உடல்கள். பயிர் இல்லாத காலத்திலும் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, மக்காத சருகும் ஈரமும் சேர்ந்து வாய்க்கும்போது விழித்துக்கொள்பவை. எள்ளிலும் மணிலாவிலும் வறட்சிக் காலத்தில் வேரைக் கருக்கும் மேக்ரோபோமினா இவற்றோடு சேரும் மூன்றாவது.

துருவுக்கும் இம்மண் பூஞ்சைகளுக்கும் உள்ள வேறுபாடு உணவு முறையில் இருக்கிறது. துருப் பூஞ்சை செடியின் செல்லைக் கொல்லாமல், உயிரோடு வைத்தே அதிலிருந்து உறிஞ்சுகிறது; இத்தகையவற்றை உயிருண்ணிப் பூஞ்சைகள் எனலாம். ஸ்கிளிரோசியமோ ஆக்சாலிக் அமிலத்தையும் செல்சுவரைக் கரைக்கும் நொதிகளையும் சுரந்து, தான் போய்ச் சேரும் முன்பே திசுவைச் சாகடித்து, செத்ததைத் தின்கிறது. இவை சாவுண்ணிப் பூஞ்சைகள். செடியும் இவ்விரண்டையும் வெவ்வேறு விதமாகவே எதிர்கொள்கிறது. உயிருண்ணிகள் தாக்கும்போது பெரும்பாலும் சாலிசிலிக் அமிலம் என்னும் உட்சமிக்கை பெருகி, தாக்கப்பட்ட செல் தானே மடிந்து எதிரியைப் பட்டினி போடுகிறது. சாவுண்ணிகள் தாக்கும்போது, செல் மடிவது எதிரிக்கே விருந்தாகும் என்பதால், ஜாஸ்மோனிக் அமிலம் என்னும் வேறொரு சமிக்கையின் வழியே செல்சுவரைத் தடித்தாக்குவதும் பூஞ்சையைக் கரைக்கும் நொதிகளைச் சுரப்பதும் நடைபெறுகின்றன. ஒரு சமிக்கை ஓங்கும்போது மற்றது பெரும்பாலும் தணிகிறது. எல்லா நோய்க்கும் ஒரே மருந்து என விற்கப்படும் எதனையும் ஐயத்துடன் நோக்குவதற்கு இந்த ஒரு செய்தியே போதுமான காரணம்.

நோயைத் தாங்கும் இரகங்களை உருவாக்குவது நெடிய பணி. விருத்தாசலத்தில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் விஆர்ஐ என்ற முன்னெழுத்துகளுடன் மணிலா, எள், முந்திரி ஆகிய மூன்று பயிர்களிலும் இரகங்களை வெளியிட்டு, இவ்வூரின் பெயரைப் பிற மாநிலத்து வயல்களுக்கும் கொண்டு சென்றிருக்கிறது. உலகெங்கும் பயிராகும் மணிலாவில் துருவையும் பின்பருவ இலைப்புள்ளியையும் தாங்கும் ஆற்றலின் பெரும்பகுதி, தென் அமெரிக்காவின் பொலிவியாவைச் சேர்ந்த அராக்கிஸ் கார்டினாசி என்னும் ஒரு காட்டு இனத்திலிருந்து ஒட்டுச் சேர்க்கையால் பெறப்பட்டது என்பதும், அக்காட்டுச் செடியின் குரோமோசோம் துண்டுகள் நாடு நாடாகக் கைமாறி எவ்வாறு பரவின என்பதும் 2021-இல் வெளியான மரபணு ஆய்வில் தெளிவாயின. ஆயினும் தாங்கும் இரகம் நிலையான காப்பு அன்று. கடலூர் மாவட்டக் கரும்பு உழவர் இதனைப் பட்டறிந்தவர்கள்: சர்க்கரைச் சத்து மிகுந்த கோ.க. 671 கரும்பு பரவலாக நடப்பட்டு, பின்னர் செவ்வழுகல் நோய்க்கு இரையாகிப் பல இடங்களில் கைவிடப்பட்டது. பூஞ்சைகள் விரைந்து பெருகி விரைந்து மாறுபவை. ஒற்றை இரகத்தைப் பரந்த நிலத்தில் நடுவது அவற்றுக்கு வாசலைத் திறந்து வைப்பதாகும்.

இனி, உழவரின் கண்ணுக்குப் புலப்படாத கூட்டத்துக்கு வரலாம். வேருக்குள் குடியேறி, செடிக்குத் தீங்கின்றி வாழும் பூஞ்சைகளுக்கு வேர்ப்பூஞ்சைகள் என்று பெயர். உரக்கடைகளிலும் வேளாண்மைத் துறைக் கிடங்குகளிலும் இவை வேம் என்ற சுருக்கப் பெயரில் கிடைக்கின்றன. மரவேர்களில் இத்தகைய கூட்டு வாழ்வு உண்டு என்பதை ஜெர்மானியத் தாவரவியலாளர் ஃபிராங்க் 1885-இல் விளக்கிப் பெயரிட்டார். ஸ்காட்லாந்தின் ரைனி என்னுமிடத்தில் ஏறத்தாழ 40 கோடி ஆண்டுப் பழைமையுள்ள கல்லுருக்களில், வேரே தோன்றியிராத தொல்தாவரங்களின் தண்டுக்குள் இப்பூஞ்சைகள் இருந்ததற்கான தடம் கிடைத்திருப்பதால், தரையில் தாவரம் காலூன்றியதே இவற்றின் துணையோடுதான் எனக் கருதப்படுகிறது. இன்று தரைத் தாவர இனங்களில் பத்துக்கு ஏழு இந்த உறவைப் பேணுகின்றன. மணிலா, எள், முந்திரி, சோளம், கம்பு, மக்காச்சோளம், உளுந்து, வெங்காயம் ஆகியவை அவற்றுள் அடங்கும். கடுகு, முட்டைக்கோசுக் குடும்பமும் கீரைத்தண்டு, பீட்ரூட் குடும்பமும் பெரும்பாலும் அடங்கா. கீரைப் பாத்திக்கு வேம் வாங்குவது வீண் செலவு என்பதைப் பொட்டலங்கள் பெரும்பாலும் அச்சிட்டுச் சொல்வதில்லை.

இவ்வுறவின் அடிப்படை மணிச்சத்து. நைட்ரேட்டு நீரில் கரைந்து நீரோடு நகர்ந்து வேரை வந்தடையும். மணிச்சத்து அவ்வாறு நகர்வதில்லை. விருத்தாசலத்தைச் சூழ்ந்த செம்மண்ணிலும் செம்புறை மண்ணிலும் நிறைந்துள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் அதனை இறுகப் பற்றிக்கொள்வதால், இடப்பட்ட மணிச்சத்தில் முதற்பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்களவே. எஞ்சியது மண்ணிலேயே, ஆனால் செடிக்கு எட்டாத வடிவில் தங்கிவிடுகிறது. வேர் தன்னைச் சுற்றியுள்ள ஓரிரு மில்லிமீட்டர் மண்ணிலிருந்து மணிச்சத்தை விரைவில் உறிஞ்சித் தீர்த்துவிட்ட பின், அந்த வெறுமையான வளையத்தைத் தாண்டி அடுத்த மண்ணை எட்ட அதற்கு வழியில்லை. வேர்ப்பூஞ்சையின் இழை வேர்த்தூவியைவிட மெல்லியது. மண் துகள்களுக்கிடையே வேர் நுழையவியலாத துளைகளிலும் புகுந்து, வேரிலிருந்து பல சென்டிமீட்டர் தொலைவு வரை பரவி, அங்குள்ள மணிச்சத்தையும், அதனைப் போலவே நகராத துத்தநாகம், செம்பு ஆகியவற்றையும் எடுத்து வருகிறது. நல்ல நிலத்தில் ஒரு கிராம் மண்ணில் இவ்விழை பல மீட்டர் நீளம் இருக்கும்.

எடுத்து வந்தது செடியிடம் கைமாறும் இடம் வேரின் புறணிச் செல். அதன் சுவருக்குள் நுழையும் இழை, செல்லின் உயிர்ச்சவ்வைக் கிழிக்காமல் அதற்குள் அழுந்தி, மீண்டும் மீண்டும் கிளைத்து, சிறு மரம் போன்ற ஓர் உறுப்பாக விரிகிறது. ஆர்பஸ்கியூல் எனப்படும் இவ்வுறுப்பின் கிளைகளைச் சூழ்ந்த சவ்வின் வழியே மணிச்சத்து செடிக்குள்ளும், சர்க்கரையும் கொழுப்பும் பூஞ்சைக்குள்ளும் செல்கின்றன. இவ்வுறுப்பு சில நாட்களே வாழ்ந்து சிதைய, வேறொரு செல்லில் புதியது தோன்றும். செடி தன் இலையில் உண்டாக்கும் உணவில் 4 முதல் 20 விழுக்காடு வரை இந்தக் கூட்டாளிக்குக் கொடுக்கிறது என மதிப்பிடப்பட்டிருக்கிறது. இது சிறிய விலை அன்று. ஆகவே செடி எப்போதும் இதனைக் கொடுக்க முன்வருவதில்லை. மணிச்சத்துக்குப் பசித்திருக்கும் வேர் ஸ்ட்ரிகோலாக்டோன் என்னும் பொருளைக் கசியவிட்டுப் பூஞ்சையை அழைக்கிறது என்பது 2005-இல் ஜப்பானிய ஆய்வாளர்களால் நிறுவப்பட்டது. மணிச்சத்து தாராளமாகக் கிடைக்கும்போது அந்தக் கசிவு குறைந்து, வேருக்குள் பூஞ்சையின் குடியிருப்பும் சுருங்குகிறது. ஒரு கையால் டிஏபியை அளவுக்கு மீறி இட்டு மறு கையால் வேம் இடுபவர், தாமே செலவிட்டு வரவழைத்த விருந்தாளிக்குத் தாமே கதவைச் சாத்துகிறார்.

மணிலாவில் இவ்வுறவுக்கு மற்றொரு பயனும் உண்டு. வேர் முடிச்சில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து நிறுத்த மிகுந்த ஆற்றலைச் செலவிட வேண்டியிருப்பதால், வேர் முடிச்சுக்கு மணிச்சத்துத் தேவை அதிகம். பயறு வகைச் செடிகள் பாக்டீரியாவை வேருக்குள் அனுமதிக்கப் பயன்படுத்தும் மரபணுக்களில் பல, அதற்கும் கோடிக்கணக்கான ஆண்டுகள் முன்பே வேர்ப்பூஞ்சையை அனுமதிக்கத் தோன்றியவை. ஆகவே ரைசோபியமும் வேர்ப்பூஞ்சையும் ஒன்றையொன்று விலக்கும் சரக்குகள் அல்ல. ஆனால் வேர்ப்பூஞ்சையால் பயிருக்குக் கிடைக்கும் சத்துகளில் சுண்ணாம்புச் சத்து சேராது. மணிலாவின் விழுதும் வளரும் காயும் தமக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைத் தாம் புதைந்திருக்கும் மண்ணிலிருந்து நேரடியாகவே உறிஞ்சுகின்றன. வேர் வழியே செல்வது காயை அடைவதில்லை. வேம் இட்டதால் மண் அணைக்கும்போது எக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இடும் பரிந்துரையைக் கைவிடுவது, பொக்குக்காயைத் தேடிப் பெறுவதாகும்.

நோய்க்கும் உணவுக்கும் உள்ள தொடர்பு, வேர்ப்பூஞ்சை செடிக்குள் நுழையும் இடத்தில்தான் வெளிப்படுகிறது. ஏறத்தாழ எல்லாப் பூஞ்சைகளின் செல்சுவரிலும் கைட்டின் என்னும் பொருள் உண்டு; நண்டு, இறால் ஓட்டில் உள்ளதும் இதுவே. செடியின் செல்சவ்வில் உள்ள உணர்விகள் இந்தக் கைட்டினின் துணுக்குகளைக் கண்டறிகின்றன. ஏழெட்டுக் கண்ணிகள் கொண்ட நீண்ட துணுக்கு பெரும்பாலும் எதிர்ப்பைத் தூண்ட, நான்கைந்து கண்ணிகள் கொண்ட குறுந்துணுக்கும் அதனோடு கொழுப்பு இணைந்த மூலக்கூறும் உறவுக்கான சமிக்கையாக ஏற்கப்படுகின்றன. நெல்லில் இவ்விரு பணிகளுக்கும் ஒரே உணர்வி துணை நிற்பதும் அறியப்பட்டுள்ளது. எனவே வேர்ப்பூஞ்சை நுழையும்போது செடி முதலில் சற்றே விழித்து, பின்னர் தணிகிறது. அந்த விழிப்பின் எச்சம் செடி முழுவதும் தங்கி, பிற்பாடு வேறொரு பூஞ்சை தாக்கும்போது எதிர்ப்பு விரைந்து எழ உதவுகிறது. இந்த முன்னாயத்தம் பெரும்பாலும் ஜாஸ்மோனிக் அமிலத்தின் வழியே அமைவதால், வேரழுகல், தண்டழுகல் போன்ற சாவுண்ணி நோய்களிலும் வேரைத் தாக்கும் சில நூற்புழுக்களிடத்தும் பயன் தெரிகிறது. துரு, சாம்பல் நோய் போன்ற இலை உயிருண்ணிகளிடம் பயன் தெரிவதில்லை, சில ஆய்வுகளில் அந்நோய்கள் சற்று மிகுந்தும் காணப்பட்டுள்ளன. துருவுக்கு வேம் தீர்வாகாது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, வேம் நோய் எதிர்ப்பைத் தரும் என்று மட்டும் சொல்வது அரை உண்மை.

இவ்வகையில் இவ்வட்டாரத்துக்கு மிகவும் பயன்படத்தக்க ஆய்வு தொலைவில், சுவிட்சர்லாந்தின் மக்காச்சோள வயல்களில் நடந்தது. அங்கு 54 உழவர் வயல்களில் ஒரே வேர்ப்பூஞ்சையை இட்டுப் பார்த்ததில், வளர்ச்சி மாற்றம் ஒரு வயலில் 12 விழுக்காடு இழப்பாகவும் மற்றொன்றில் 40 விழுக்காடு ஆதாயமாகவும் அமைந்து, இடைப்பட்ட எல்லா நிலைகளும் காணப்பட்டன. 2023-இல் வெளியான அதன் முடிவுகளின்படி, எந்த வயலில் ஆதாயம் கிடைக்கும் என்பதை முன்னறிய மண்ணின் சத்து அளவைவிட, அம்மண்ணில் ஏற்கெனவே எவ்வளவு நோய்ப் பூஞ்சைகள் இருந்தன என்பதே சிறந்த அடையாளமாக அமைந்தது. நோய்ப் பூஞ்சை மலிந்த மண்ணில் வேர்ப்பூஞ்சை அதிகம் உதவியது, நலமான மண்ணில் பெரிதாக உதவவில்லை. சுவிட்சர்லாந்து மண்ணும் விருத்தாசலம் மண்ணும் ஒன்றல்ல. மக்காச்சோளமும் மணிலாவும் ஒன்றல்ல. ஆயினும் மணிச்சத்துக்காகவே வேம் என்று பழகிய எண்ணத்தை இது கேள்விக்குள்ளாக்குகிறது. எல்லா நிலத்துக்கும் சீராக வேம் இடுவதைக் காட்டிலும், கழுத்தழுகலும் தண்டழுகலும் ஆண்டுதோறும் திரும்பி வரும் கொல்லைகளைத் தேர்ந்து இடுவதே அறிவுடைமை எனக் கொள்ள இடமிருக்கிறது.

மூன்றாவது கூட்டமாகிய பிற பூஞ்சைகளைத் தின்னும் பூஞ்சைகளில் டிரைக்கோடெர்மாவை அறியாத உழவர் இல்லை. இது ஸ்கிளிரோசியம் போன்றவற்றின் இழையைத் தேடிச் சென்று சுற்றிக்கொண்டு, கைட்டினைக் கரைக்கும் நொதியால் துளைத்து உண்கிறது. அமெரிக்காவில் வெய்ன்ட்லிங் என்னும் ஆய்வாளர் 1932-இலேயே இதனை விளக்கியிருந்தார். டிரைக்கோடெர்மா விரிடி என நெடுங்காலம் விற்கப்பட்டது இப்போது ஆஸ்பெரெல்லம் என்ற பெயரில் வந்தால், பூஞ்சையை ஆய்ந்து சரியான பெயரிட்டிருக்கிறார்கள் என்று கொள்ளலாமே தவிர, சரக்கு மாறிவிட்டதென அஞ்ச வேண்டியதில்லை. விதைப்பருப்பு ஒரு கிலோவுக்கு 4 கிராம் கலப்பதும், எக்டேருக்கு 2.5 கிலோவை 50 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து நிலத்தில் இடுவதும் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அதே பரிந்துரை உயிர்வழிக் கட்டுப்பாட்டு நுண்ணுயிரும் பூஞ்சைக்கொல்லி மருந்தும் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை என்றும், முதலில் டிரைக்கோடெர்மாவையும் அதன்பின் ரைசோபியத்தையும் கலக்க வேண்டும் என்றும் தெளிவாகக் கூறுகிறது. கார்பென்டசிம் கலந்த விதையில் மறுபடியும் டிரைக்கோடெர்மாவைத் தூவினால், கார்பென்டசிம் பூஞ்சைகளைக் கொல்லும் மருந்து என்பதாலும் டிரைக்கோடெர்மா ஒரு பூஞ்சை என்பதாலும், இரண்டாவது பொட்டலத்தின் விலை மண்ணோடு போகிறது. இரண்டும் போட்டால் இரட்டைக் காப்பு என்று கடையில் சொல்லப்படும் ஆலோசனையை எழுத்தில் தருமாறு கேட்பது நல்லது.

உலர்த்தலையும் சேமிப்பையும் பற்றி ஒன்று மட்டும். 1960-இல் இங்கிலாந்தில் மணிலாப் பிண்ணாக்குத் தீவனத்தால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டபோது கண்டறியப்பட்ட அஃப்லாடாக்சின் நஞ்சைச் சுரப்பதும் ஒரு பூஞ்சையே. அறுவடைக்கு முந்தைய மூன்று முதல் ஆறு வாரங்களில் நிலம் காய்ந்து மண் சூடேறும்போதே அது காய்க்குள் புகத் தொடங்கிவிடுகிறது. நேரடியாக உண்ணும் மணிலாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் இந்நஞ்சை ஏற்பதில்லை என்பதால், கடைசி நீர்ப்பாய்ச்சலைத் தவறவிட்ட கொல்லையின் காயை எவ்வளவு நன்றாகக் காயவைத்தாலும் ஏற்றுமதிச் சந்தையில் அதற்கு இடமில்லாமல் போகலாம்.

வேர்ப்பூஞ்சைக்கே திரும்பினால், முந்திரிக்கு அதன் தேவை இளமையில்தான் மிகுதி. 2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரிக் காடுகளை வேரோடு சாய்த்த பின், பல ஆண்டுகள் இவ்வட்டாரத்தில் ஒட்டுக்கன்றுகளை நட்டு மறுபடியும் தோப்பு எழுப்பும் வேலை நடந்தது. அத்தகைய கன்றுகள் நாற்றங்காலில் பாலிதீன் பைக்குள் கிடக்கும் மாதங்களிலேயே வேரில் பூஞ்சையை ஏற்றிவிட்டால், வறண்ட செம்மண்ணில் நட்ட பிறகு வேர் பிடிப்பது எளிதாகும். முந்திரி வேர்மண்ணிலிருந்தே வேர்ப்பூஞ்சைகளைப் பிரித்து, கன்றுகளில் இட்டு வளர்ச்சி மிகுவதைத் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்டிருக்கின்றனர். நடவுக் குழிக்கு 20 கிராம், வளர்ந்த மரத்துக்கு 200 கிராம் என்பது பொதுப் பரிந்துரை. முன்னது நியாயமான செலவு, பின்னது ஏற்கெனவே பூஞ்சையால் நிறைந்த வேருக்குச் செய்யும் செலவாகவே பெரும்பாலும் முடியும்.

சரக்கின் தரம் பற்றிய கேள்வி எல்லாவற்றையும்விடக் கடினமானது. டிரைக்கோடெர்மாவைத் தொட்டியில் மாவுக் கரைசலிலும் வளர்க்கலாம். வேர்ப்பூஞ்சையோ உயிருள்ள வேரின்றி வளராது. ஆகவே அதனை உற்பத்தி செய்வோர் மக்காச்சோளம் போன்ற செடிகளை வளர்த்து, அவற்றின் வேரோடும் மண்ணோடும் சேர்த்தே பூஞ்சையை அறுவடை செய்கிறார்கள், அல்லது ஆய்வகத்தில் வேர்த்துண்டுகளில் வளர்க்கிறார்கள். உரக்கட்டுப்பாட்டு ஆணையில் இதற்குத் தர அளவுகள் வகுக்கப்பட்டிருந்தும், பொட்டலத்திலுள்ள பூஞ்சை வித்துகள் உயிரோடு உள்ளனவா என்பதை உழவர் கண்ணால் பார்த்து அறிய வழியில்லை; வெளிநாடுகளில் கடைச் சரக்குகளை வாங்கிச் சோதித்த ஆய்வுகளில், வேரில் சிறிதும் குடியேறாதவை கணிசமாக இருந்திருக்கின்றன.

இந்நிலையில் குழுக்கள் தாமே உற்பத்தி செய்வது எட்டாத செயல் அன்று. வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறையில், ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள குழியில் பாலிதீன் தாள் விரித்து, வெர்மிகுலைட் என்னும் இலேசான கனிமத் துகளையும் நுண்ணுயிர் நீக்கிய மண்ணையும் நிரப்பி, நம்பத்தகுந்த தாய் வித்தை ஓரிரு விரற்கடை ஆழத்தில் பரப்பி, மக்காச்சோளம் விதைத்து 60 நாள் வளர்த்தபின் தண்டை அறுத்துவிட்டு, வேரை நறுக்கி ஊடகத்தோடு கலந்தால் ஏறத்தாழ 55 கிலோ வேம் கிடைக்கிறது. ஒரு குழியின் விளைச்சல் ஒரு குழுவின் முந்திரி நாற்றங்கால் முழுமைக்கும் போதும்.

விருத்தாசலம் பீங்கான் ஊராகவும் இருப்பதன் பொருத்தம் இங்கே வருகிறது. அருகிலுள்ள நெய்வேலிச் சுரங்கப் பகுதியின் களிமண்ணை ஆதாரமாகக் கொண்டு வளர்ந்த இவ்வூர்ப் பீங்கான் தொழிற்பேட்டையும், செராமிக் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் இதுகாறும் உழவரோடு தொடர்பற்றவையாகவே நின்றுவிட்டன. ஆனால் உயிர் உரங்கள் பெரும்பாலும் ஏதேனும் ஒரு கனிமத்தின் மீதேறித்தான் வயலுக்கு வருகின்றன: ரைசோபியம் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரித் தூளிலும், டிரைக்கோடெர்மா டால்க் என்னும் மாக்கல் தூளிலும், வேர்ப்பூஞ்சை வெர்மிகுலைட்டிலும் ஏற்றப்படுகின்றன. மேலை நாடுகளில் வேர்ப்பூஞ்சையைச் சுட்ட களிமண் குறுமணிகளிலும் வளர்க்கிறார்கள். களிமண்ணைக் கண்ணாடித்தன்மை அடையும் அளவுக்குச் சுட்டால் துளைகள் மூடிவிடும். அதற்குக் குறைந்த வெப்பத்தில் சுட்டால் நீரையும் இழையையும் ஏற்கும் நுண்துளைகள் நிலைக்கும், நுண்ணுயிர் நீக்கமும் சூளையிலேயே நடந்துவிடும். மெருகு பூசிய உடைசல்கள் இதற்கு உதவா. நெய்வேலிக் களிமண்ணில் சுட்ட குறுமணி வெர்மிகுலைட்டுக்கு மாற்றாகுமா என்பது, ஒரே ஊரில் இருக்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையமும் செராமிக் நிறுவனமும் ஒரு பருவத்தில் விடை காணக்கூடிய கேள்வி; அதனை முன்வைக்க உழவர் குழுக்களைவிடத் தகுதியானவர் இலர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் மகாதேவனும் அவருடைய குழுவினரும் நாட்டின் நிலக்கரி, பழுப்பு நிலக்கரி, கால்சைட் சுரங்கக் கழிவு மண்களில் வாழும் வேர்ப்பூஞ்சைகளை ஆராய்ந்து 1991-இலேயே வெளியிட்டிருப்பதால், சுரங்க மண்ணிலும் தாக்குப்பிடிக்கும் பூஞ்சைகளைத் தேடுவது புதுப்பாதை அன்று.

சரக்கு வாங்காமலே செய்யத்தக்கவையும் உண்டு. வேர்ப்பூஞ்சை வேரின்றி நெடுநாள் வாழாது என்பதால், கோடை மழைக்குப் பின் நிலத்தை வெறுமையாகப் போடாமல் சோளமோ கம்போ உளுந்தோ விதைப்பது மண்ணில் உள்ள பூஞ்சையை அடுத்த மணிலாவுக்குக் காத்துக் கொடுக்கும். தேவைக்கு மேல் உழுவது இழை வலையை அறுக்கும். மண் பரிசோதனையில் மணிச்சத்து மிகுதி எனக் காட்டும் நிலத்துக்கு டிஏபியைக் குறைப்பது பணத்தையும் பூஞ்சையையும் ஒருங்கே காக்கும்.

வரும் ஆடிப்பட்டத்தில் ஒவ்வொரு குழுவும், அழுகல் நோய் வழக்கமாக வரும் ஒரு கொல்லையைத் தேர்ந்து, அதனை நான்கு பட்டைகளாகப் பிரித்து, ஒன்றில் எதுவும் இடாமலும், ஒன்றில் டிரைக்கோடெர்மா மட்டும், ஒன்றில் வேம் மட்டும், ஒன்றில் இரண்டும் இட்டு, நான்கிலும் பூஞ்சைக்கொல்லி விதைநேர்த்தியைத் தவிர்த்து, மற்ற உரமும் நீரும் ஒரே அளவில் கொடுத்துப் பார்க்க வேண்டும். விதைத்த 20, 40, 60, 80-ஆம் நாட்களில் ஒவ்வொரு பட்டையிலும் அழுகிச் செத்த செடிகளை எண்ணிப் பிடுங்கி அப்புறப்படுத்தி, அறுவடையில் காயின் எடையையும் பொக்குக்காயின் எடையையும் தனித்தனியே நிறுத்து, அக்கணக்கை விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்திடமும் வேளாண் அறிவியல் நிலையத்திடமும் ஒப்படைக்குமாறு குழுக்களை இம்மடல் கேட்டுக்கொள்கிறது. பயன் தெரியாத பட்டையின் கணக்கையும் மறைக்காமல் கொடுக்க வேண்டும். எந்தக் கொல்லைக்கு வேம் வாங்க வேண்டாம் என்பதை அடுத்த ஆண்டு பிற ஊர் உழவருக்குச் சொல்ல அதுவே உதவும்.